வண்டிக்கு ஐந்து வருடம், எனக்கு ஐந்து வருடம்

(நமது சங்கத்தின் ஏப்ரல் 2026 உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் என் வீட்டு வாசலில் நின்று, "சார், எட்டு மாசமா வேற வண்டி வாங்கப்போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. கடைசியில பழைய ஜீப்பே நிக்குதே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். வாசலிலேயே அரை மணி நேரம் பதில் சொன்னேன். "இதையே கூட்டத்துல பேசிடுங்க, நாலு பேருக்கு உபயோகப்படும்" என்றார். தப்பிப்பதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியாது. நான் பி.காம்., முப்பத்தைந்து வருடம் பேங்கில் கிளார்க். மெக்கானிக் இல்லை. ஆகவே கொஞ்சம் வண்டிக் கதை, நிறைய கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய வண்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிலர் அதன் சத்தத்தையும் கேட்டிருப்பீர்கள். 2011 பிப்ரவரியில் பதிவான மஹிந்திரா தார், டீசல், ஃபோர் வீல் டிரைவ், மேலே கேன்வாஸ் கூரை. தார் என்ற பெயரில் கம்பெனி முதல் வண்டியை விட்டது 2010 அக்டோபரில். ஆகவே என்னுடையது தலைச்சன் பிள்ளைகளில் ஒன்று. நான் புதிதாக வாங்கவில்லை. 2016ல், ஸ்டாஃப் லோனில், ஐந்து வருடம் ஓடிய வண்டியாக வாங்கினேன்.

ஒரு பேங்க் கிளார்க்குக்கு ஜீப் எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். என் வீட்டுக்காரம்மாவுக்கு அவர் அப்பா வழியில் வந்த இரண்டு ஏக்கர் படவேட்டுக்கு அப்பால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. கொஞ்சம் வாழை, பத்துப் பன்னிரண்டு புளியமரம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் தடம், நடுவில் ஒரு ஓடை. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வீட்டில் சொன்னதில்லை. எண்பதுகளில் ஐ.ஆர்.டி.பி. கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மேனேஜரோடு பிளாக் ஆபீஸ் ஜீப்பில் ஜமுனாமரத்தூர் பக்கம் போவேன். கறவை மாடு நிஜமாகவே இருக்கிறதா, வாலைக் காட்டிவிட்டு ஓடிவிட்டார்களா என்று பார்க்கத்தான். மாட்டைவிட ஜீப்பைத்தான் அதிகம் பார்த்தேன். அந்த ஆசை முப்பது வருடம் உள்ளேயே கிடந்தது.

சரி, மாற்ற வேண்டும் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முதல் நாள் இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, நம் மாவட்டத்தின் மேல் வந்து கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் உயிரிழந்த அதே நாள். அன்று மதியம் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்திலிருந்து போன். அவர்கள் வீட்டுப் பெரியவர், எழுபத்தெட்டு வயது, வழுக்கி விழுந்து இடுப்பை அசைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் சந்தவாசல் தாண்டி அந்தத் தடத்தில் வர வாய்ப்பில்லை. நானும் தம்பி மகனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனோம். மண் தடத்தில் ஃபோர் வீல் போட்டதும் வண்டி போய்விட்டது. ஓடையில் நின்றுவிட்டோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல், செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது.

தம்பி மகன், "பெரியப்பா, புது தாரா இருந்தா 650 மில்லிமீட்டர் தண்ணியில போகும். இந்நேரம் அந்தப் பக்கம் இருந்திருப்போம்" என்றான்.

650 என்பது கம்பெனி சொல்லும் அளவுதான். ஆனால் அது நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்ன காரை நகர்த்தும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். நான்கு சக்கரமும் சுற்றுகிறதா, இரண்டு சுற்றுகிறதா என்று தண்ணீர் கேட்காது. நான் இறங்க மறுத்துவிட்டேன். கடைசியில் அந்த ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் மேலே ஒரு ஃபர்லாங் தள்ளியிருந்த தரைப்பாலம் வழியாகப் பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பின்னால் இருக்கிற நீள பெஞ்சில் படுக்கவைத்து, எதிர் பெஞ்சில் அவர் மகன் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, கண்ணமங்கலம் வழியாக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இந்த பெஞ்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வரும்போது வழியெல்லாம் கிளட்ச் வாசனை. கேன்வாஸ் ஒழுகி என் சட்டை முழுக்க ஈரம். வீட்டுக்காரம்மா துண்டைக் கொடுத்துக்கொண்டே, "ஏங்க, இந்த வண்டிக்கும் வயசாயிடுச்சு, உங்களுக்கும் வயசாயிடுச்சு. ரெண்டுல ஒண்ணையாவது மாத்துங்க" என்றார். என்னை மாற்ற முடியாது என்பதால் வண்டியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தோம்.

இதோடு ஆர்.சி. விஷயமும் சேர்ந்துகொண்டது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து வருடம். என் வண்டிக்கு 2026 பிப்ரவரியில் முடிகிறது. அதன்பின் படிவம் 25 கொடுத்து, ஆய்வுக்கு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். பசுமை வரி தனி. இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டியை வைத்திருக்காதே என்று அரசாங்கம் நாசூக்காகச் சொல்கிறது. பத்து வருட டீசல் வண்டி ஓடவே கூடாது என்ற நிலை நமக்கு இல்லை.

ஆகவே 2025 கோடையில் வண்டி பார்க்க ஆரம்பித்தோம். புது வண்டி நமக்கு எட்டாது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை தாரில் மூன்று நான்கு வருடம் ஓடியதாக ஒன்று. அந்த வண்டியில் உள்ள நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ்., வண்டி வழுக்கினால் தானே பிடித்து நிறுத்தும் ஈ.எஸ்.பி. 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். என் வண்டியில் இதில் ஒன்றும் கிடையாது. இரும்புச் சட்டமும் சாமி படமும்தான்.

முதலில் பார்த்தது வேலூரில், ஒரு தரகர் மூலம். 2023 மாடல், டீசல், ஒன்பதே கால் லட்சம். விலையைக் கேட்டதும் தம்பி மகனுக்குக் கால் தரையில் இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து கியர் பக்கம் கை வைத்தேன். ஒரே ஒரு லீவர்தான். பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டாவது லீவரைக் காணோம். 2023 ஜனவரியில் கம்பெனி பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரையும் கொண்டுவந்தது. டீசலில் 1.5 லிட்டர் எஞ்சின், விலை குறைவு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு நல்ல வண்டிதான். குறை சொல்லவில்லை. ஆனால் தரகர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டால், "யார் சார் நிஜமா ஃபோர் பை ஃபோர் போடறாங்க?" என்றார். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் குத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்களில் யாராவது வாங்குவதாக இருந்தால், பின்னால் ஒட்டியிருக்கும் 4x4 எழுத்தை நம்பாதீர்கள். எழுத்து கடையில் கிடைக்கும். லீவரைப் போட்டு, மண்ணில் பத்தடி ஓட்டிப் பாருங்கள். லோ ரேஞ்சும் விழுகிறதா பாருங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்ட லீவர் இறுகிப்போயிருக்கும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் போடாதீர்கள், கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது சென்னையில். 2021 மாடல், பளபளவென்று இருந்தது. இவ்வளவு பளபளப்பு எதற்கு என்றுதான் எனக்குச் சந்தேகம். கூட வந்த நம் ஊர் மெக்கானிக் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். சீட்டை இறுக்கும் போல்ட்டுகளில் துரு. கால்மிதிக்கு அடியில் விரித்த கம்பளத்தைத் தூக்கினால் நைசான வண்டல். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி. விற்பவரிடம் இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டேன். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம். அதாவது கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள். மெக்கானிக்கின் கையும் பாலிசியின் காகிதமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அங்கே நிற்காமல் வந்துவிட வேண்டும். வந்துவிட்டோம்.

இந்த போனஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. விற்பவரின் 50 சதவீதத் தள்ளுபடி உங்களுக்கு வராது. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். அதையும் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் பழைய வண்டியை விற்றால் உங்கள் போனஸுக்குக் கடிதம் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்கு உதவும்.

மூன்றாவது வண்டிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. திருவண்ணாமலையில், ஒரே ஓனர், 2021, டீசல், மேனுவல் கியர், இரண்டு லீவர், 38,000 கிலோமீட்டர். மெக்கானிக் அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து, "எடுத்துக்கலாம் சார்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை சுலபமாக வராது. விலை பதினொன்றரை லட்சம். ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் இருந்தது. ஓனர், "நீங்க ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுங்க, நான் கட்டி முடிச்சு என்.ஓ.சி. வாங்கித் தரேன்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களின் கணக்கிலும் பணம் வேறு பக்கம் போய்விடுவதை நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடன் நிலுவைக்கான கடிதத்தை வாங்கி, கடன் கணக்கிலேயே நேராகப் பணத்தைக் கட்டி, படிவம் 35ஐயும் என்.ஓ.சி.யையும் கையில் வாங்குவதென்று பேசிக்கொண்டோம். அவரும் ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரத்தில்தான் நோட்டைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு வண்டிக்கு லாக் புக் எழுதும் பழக்கம் உண்டு. பேங்க் வியாதி. 2022 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை மூன்று வருடத்தில் வண்டியை எடுத்த நாட்கள் 412. ஓடியது 14,600 கிலோமீட்டர். ஃபோர் வீல் போட்ட நாட்கள் 23. லோ ரேஞ்ச் போட்டது நான்கு நாள். மீதியெல்லாம் மார்க்கெட், களம்பூரில் அரிசி, வேலூரில் கல்யாணம். வேலூர் தரகர் கேட்டது சரியான கேள்விதான்.

இனி பணம். என் வண்டிக்கு நான்கு லட்சம் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். மீதி ஏழரை லட்சம் வேண்டும். ஃபிக்சட் டெபாசிட்டில் மூன்றரையை உடைத்து, நான்கு லட்சம் கடன். கடன் கொடுக்க வந்தவர், "ஒன்பது பர்சென்ட்தான் சார், நாலு வருஷம்" என்றார். ஃபிளாட்டா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு லட்சத்துக்கு ஃபிளாட் ஒன்பது சதவீதம் என்றால் வருடம் 36,000, நான்கு வருடத்துக்கு 1,44,000. மொத்தம் 5,44,000ஐ 48 மாதத்தால் வகுத்தால் தவணை 11,333. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டி கடைசி மாதம் வரை முழு நான்கு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால் வட்டி கிட்டத்தட்ட 16 சதவீதம். ஒன்பது என்று சொல்லிப் பதினாறு வாங்குவது. சட்டப்படி தவறில்லை, கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

நான்கு வருடக் கணக்கு இப்படி. மாற்றினால் கடன் வட்டி 1,44,000. உடைத்த டெபாசிட்டுக்கு ஏழரை சதவீதம் வைத்து இழக்கும் வட்டி 1,05,000. வண்டியின் மதிப்பு குறைவது என் மதிப்பீட்டில் மூன்று லட்சம். சர்வீஸும் இன்சூரன்ஸும் 1,20,000. ஆக 6,69,000. மாற்றாவிட்டால் கிளட்ச், பட்டைகள், பால் ஜாயின்ட், பிரேக் குழாய், புது கேன்வாஸ், ஐந்து டயர் எல்லாம் சேர்த்து மெக்கானிக் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் 1,38,000. சர்வீஸும் இன்சூரன்ஸும் அதே 1,20,000. மதிப்புக் குறைவு ஒரு 75,000. ஆக 3,33,000. வித்தியாசம் 3,36,000, வருடத்துக்கு 84,000. ஃபோர் வீல் போடும் நாட்கள் வருடத்துக்கு எட்டு. ஒரு நாளைக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தப் பணத்துக்கு டிராக்டரை வாடகைக்கு எடுத்து ஊர்வலமே போகலாம்.

மெக்கானிக் ஒரு நிபந்தனை வைத்தார். "சேசிஸ் உளுத்திருந்தா இந்தக் கணக்கெல்லாம் கிடையாது சார். அன்னிக்கே வித்துடுங்க." கேன்வாஸைப் பிரித்து, சேறு கழுவி, சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஓடைத் தண்ணீரில் போய்விட்டுக் கழுவாமல் விட்டது என் தவறு, இரண்டு இடத்தில் மேல்துரு. உள்ளே கெட்டி. அந்தத் தட்டும் சத்தத்தை நான் கேட்ட மாதிரி, டாக்டர் முதுகைத் தட்டும்போதுகூடக் கேட்டதில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் பால் வாங்கவும் பேப்பர் வாங்கவும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். நான் மாதத்துக்கு நானூறு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன், அதுவும் துண்டு துண்டாக.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு நான் உட்கார முடியாது. ஃபோர் வீல் எட்டு நாள்தான் வேண்டும். ஏர்பேக் எல்லா நாளும் வேண்டும். பெங்களூரிலிருந்து மகள் போனில், "அப்பா, காசைப் பத்தி மட்டும் எழுதியிருக்கீங்க. பசங்க பின்னாடி அந்த பெஞ்சுல உக்காந்து வராங்களே, அதை எந்தக் காலத்துல எழுதுவீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. எதிரெதிராகப் போட்ட பெஞ்சில் குழந்தைகளை உட்காரவைத்து வேலூர் ரோட்டில் அறுபதில் போவது தவறு. இத்தனை நாள் செய்துகொண்டிருந்தேன்.

அதனால் கடைசியாக வீட்டுக்காரம்மாவையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனேன். முன் சீட்டில் ஏறினார். கைப்பிடி இருந்ததால் நம் வண்டியைவிடச் சிரமம் குறைவு. முகம் மலர்ந்தது. நான் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு பின்னால் ஏறிப் பார்க்கிறேன் என்றார். மூன்று கதவு வண்டி. முன் சீட்டைக் கவிழ்த்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்துத் திரும்ப வேண்டும். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பாதியில் நின்றுவிட்டார். இறங்கி வந்து என்னிடம் மெதுவாக, "முன்னாடி நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்குப் பெரியவரை இதுல எங்கங்க படுக்க வெச்சிருப்பீங்க?" என்றார்.

ஐந்து கதவு ராக்ஸ் 2024ல் வந்தது, அது பழைய வண்டியாகவே நம் பட்ஜெட்டுக்கு அப்பால். இதற்கிடையில் செப்டம்பர் 22ல் ஜி.எஸ்.டி.யைக் குறைத்தார்கள். கார்களுக்கு 28 சதவீதமும் அதன்மேல் செஸும் என்பது போய், சின்ன காருக்கு 18, பெரிய காருக்கு 40 என்று ஆனது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும். விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். திருவண்ணாமலைக்காரர் நியாயமானவர், அவரே நாற்பதாயிரம் குறைத்தார். அப்படியும் நான் வேண்டாம் என்று சொன்னபோது கோபித்துக்கொள்ளவில்லை.

முடிவில் என்னை நிறுத்தியது என் டிரைவிங் லைசென்ஸ். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள், டாக்டர் சான்றிதழோடு. 2024ல் புதுப்பித்தேன், 2029 வரை. 2021 வண்டிக்கு ஆர்.சி. 2036 வரை இருக்கிறது. அப்போது எனக்கு எழுபத்தாறு. வண்டி ரெடியாக நிற்கும், நான்? எங்கள் பேங்க் ஓய்வூதியர்கள் பென்ஷன் அப்டேஷன் வரும் வரும் என்று காத்திருக்கிற மாதிரி, வண்டி என் ஃபிட்னெஸுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு நாற்பத்தைந்து வயதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வண்டியை எடுத்திருப்பேன். அந்த வயதில் இருப்பவர்கள் என்னைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பிப்ரவரியில் ஆய்வுக்குக் காட்டினேன். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்தார்கள். ஐந்து வருடம் கொடுத்துவிட்டார்கள், 2031 வரை. எஸ்டிமேட் 1,38,000 என்றது 1,52,000ல் முடிந்தது, எஸ்டிமேட் என்றால் அப்படித்தானே. பஜாரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வீட்டுக்காரம்மாவுக்காக மடக்கும் படி ஒன்று செய்து இடது பக்கம் பொருத்தியிருக்கிறேன், 1,800 ரூபாய். இரண்டு பெஞ்சும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பேரப்பிள்ளைகள் அதில் ஏறுவதில்லை. அவர்கள் வந்தால் பெல்ட் உள்ள வாடகைக் கார். வேலூருக்கு மேல் எங்கே போனாலும் எனக்கு பஸ். நிலத்துக்குப் போகும்போது நாற்பதுக்கு மேல் முள் ஏறக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கண்காணிப்பாளர் பக்கத்து சீட்டிலேயே இருக்கிறார்.

இன்னொரு லாபமும் உண்டு. புது தார் என் வண்டியைவிட சுமார் பத்து சென்டிமீட்டர் அகலம். நம் நகருக்கு வரும் தெருவில் காலையில் நெசவாளர்கள் பாவு போட்டிருக்கும்போது, இப்போதே நான் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் வருகிறேன். அந்தப் பத்து சென்டிமீட்டருக்காக வருகிற புகார் மனுவை இதே சங்கத்தில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து விசாரிக்க வேண்டியிருந்திருக்கும்.

பெரியவருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது தடி ஊன்றி நடக்கிறார். போன வாரம் புளி உலுக்கப் போனபோது வண்டியைச் சுற்றி வந்து, புது கேன்வாஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "கூரை மாத்திட்டீங்களா சாமி, அன்னிக்கு மூஞ்சியெல்லாம் ஒழுவிச்சு" என்றார். இரண்டு மூட்டை புளி ஏற்றிக்கொண்டு வந்தோம். வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள், விலை கடையைவிடக் குறைவுதான். லாக் புக்கும் அங்கேயே இருக்கிறது, பார்க்க ஆசைப்படுபவர்கள் பார்க்கலாம்.